தொடர் படக்கதையின் காலமும் படியும்: கன்னித்தீவு முதல் இணையப் படக்கதை வரை

ஆய்வுச் சுருக்கம்

தொடராக வெளிவரும் படக்கதையில் வெளியீட்டுக் கால ஒழுங்கு, கதையின் புறத்தே நிற்கும் நிர்வாகச் செய்தி அன்று. அது கதையின் உறுப்பு. நாளிதழ், வார இதழ், மாத இதழ் ஆகியவற்றில் இவ்வொழுங்கை அச்சகமும் அஞ்சலும் காத்தன. இணையத்தில் அப்பொறுப்பு வழங்கிக்கும் உலாவிக்கும் மாறியுள்ளது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பு வாசகரிடம் பழைய படியையே தங்கவிடும்போது கதைத் தொடர்ச்சி முறிகிறது. திருத்தப்பட்ட படம் பழைய பெயரிலேயே வெளிவரும்போது பாடவேறுபாடு தோன்றிச் சுவடின்றி மறைகிறது. இவ்விரு சிக்கல்களையும் தமிழ்த் தொடர் வெளியீட்டு மரபின் பின்னணியில் இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. இணையப் படக்கதையின் ஒவ்வொரு பகுதியும் தன் காலத்தையும் படியையும் தன் மேலேயே தாங்க வேண்டும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: இணையப் படக்கதை, கன்னித்தீவு, தொடர் வெளியீடு, தற்காலிகச் சேமிப்பு, பாடவேறுபாடு, நடுகல், தருமபுரி

முன்னுரை

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்ற நிலம். மாநிலத் தொல்லியல் துறை தருமபுரி நகரில் நடத்தும் அகழ்வைப்பகத்தில், வயல்களிலிருந்தும் ஏரிக்கரைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட நடுகற்கள் பல வைக்கப்பட்டுள்ளன. ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ வீழ்ந்த வீரனின் உருவம் ஒருபுறம்; அவன் யார், எவ்வூரில், எம்மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் பட்டான் என்னும் எழுத்து மறுபுறம். படமும் எழுத்தும் ஒரே பரப்பில் இணைந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் வடிவம் என்ற அளவில் நடுகல்லைப் படக்கதையின் தொலைவான உறவு எனலாம். இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. நடுகல் வழிபாட்டிற்குரியது, படக்கதை வாசிப்பிற்குரியது. எனினும் ஒரு கூறு இங்குக் கருதத்தக்கது. கல் தன் காலத்தைத் தானே சொல்கிறது. அதை வயலிலிருந்து பெயர்த்து அகழ்வைப்பகத்தில் நிறுத்தினாலும் ஆட்சியாண்டு அதனுடனேயே செல்கிறது.

இன்றைய இணையப் படக்கதையில் இந்நிலை இல்லை. படம் ஓரிடத்தில், வெளியீட்டு நாள் வேறிடத்தில், வாசகர் கண்முன் தோன்றும் படி மற்றோரிடத்தில் என மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. இப்பிரிவு வாசிப்பையும் ஆய்வையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா. தொழில்நுட்பக் கையேடுகள் இதனை வழங்கியின் வேகம் பற்றிய சிக்கலாக மட்டுமே நோக்குகின்றன. இலக்கியத் திறனாய்வோ இதனைத் தன் எல்லைக்கு அப்பாற்பட்டதாகக் கருதி ஒதுக்குகிறது. இரு நோக்குகளும் குறையுடையவை.

தமிழ்த் தொடர் மரபில் கால ஒழுங்கு

தமிழில் தொடர் படக்கதைக்கு முதன்மையான சான்று தினத்தந்தியில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய கன்னித்தீவு. சிந்துபாத்தை நாயகனாகக் கொண்ட இத்தொடர் நாள்தோறும் சில சட்டகங்களை மட்டுமே தந்து பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. முடிவின்றி நீளும் எச்செயலையும் ‘கன்னித்தீவு போல’ என்று சொல்வது தமிழர் பேச்சில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது. இம்மரபுத்தொடர் கதையின் உள்ளடக்கத்தைச் சுட்டவில்லை. அதன் வெளியீட்டு ஒழுங்கையே சுட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது. கதையில் என்ன நடந்தது என்பதை மறந்தவர்களும் அது நாள்தோறும் வந்தது என்பதை மறக்கவில்லை.

இவ்வொழுங்கிற்கு மூன்று அடிப்படைகள் இருந்தன. முதலாவது, வரும் நேரம் உறுதியானது. விடியலில் நாளிதழோடு கதையும் வந்தது. இரண்டாவது, ஒவ்வொரு பகுதியும் தொடர் எண் தாங்கி வந்தது. ஒரு நாள் விடுபட்டாலும் விடுபட்டது என்பதை வாசகர் அறிந்தார். மூன்றாவது, நேற்றைய தாள் இன்றைய தாளை மறைக்கவில்லை. இரண்டும் கண்ணால் வேறுபடுத்தக்கூடிய தனித்தனிப் பொருள்கள்.

இதழ்வழி வந்த படக்கதைகளின் கால ஒழுங்கு வேறு. மாதம் இருமுறை வெளிவந்த ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை தொடர்ந்தது. சிவகாசியிலிருந்து வந்த முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள் அயல்நாட்டுக் கதைகளைத் தமிழில் தந்தன. இவற்றில் ஓர் இதழில் ஒரு கதை முடிந்துவிடுவதே பெரும்பான்மை என்பதால் காத்திருப்பு கதைக்குள் இல்லை, இதழ்களுக்கிடையில் இருந்தது. நாள்தோறும் வரும் கன்னித்தீவில் காத்திருப்பு ஒவ்வொரு சட்டகத்தின் இறுதியிலும் அமைந்தது. வெளியீட்டு இடைவெளி குறையும்தோறும் கதையின் அலகும் குறுகுகிறது. அலகு குறுகும்தோறும் ஓர் அலகு விடுபடுவதால் நேரும் இழப்பு கதைப்போக்கில் மிகுதியாக உணரப்படுகிறது.

தொடர்கதைகளைப் பொறுத்தவரை தமிழ் வாசகர் தாமே ஒரு சேமிப்பு முறையையும் வகுத்துக்கொண்டனர். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மணியத்தின் ஓவியங்களுடன் வந்த பொன்னியின் செல்வன் போன்ற தொடர்களின் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, முடிந்தபின் பைண்டு செய்து வைப்பது பல வீடுகளின் வழக்கம். பரணில் கிடக்கும் அத்தொகுப்புகள் இன்று ஆய்வுச் சான்றுகள். நூலாக்கத்தில் விடுபட்ட ஓவியங்கள், பகுதி முடிவில் அமைந்த அறிவிப்புகள், பக்கத்தின் ஓரத்து விளம்பரம் ஆகியன அவற்றில்தான் எஞ்சியுள்ளன. வாசகர் தம் வசதிக்காகச் சேமித்த படி, பிற்காலத்தில் மூலத்தின் சாட்சியாகிறது. உலாவியின் தற்காலிகச் சேமிப்பைப் புரிந்துகொள்ள இவ்வழக்கமே நல்ல நுழைவாயில்.

உலாவியின் சேமிப்பு: தேநீர்க்கடையும் பரணும்

உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதன் எழுத்து, படம், வடிவமைப்பு ஆகிய கோப்புகளின் படிகளைக் கருவியிலேயே வைத்துக்கொள்கிறது. கேச் எனப்படும் இத்தற்காலிகச் சேமிப்பின் விதிகளை இணையப் பொறியியல் பணிக்குழு பல பதிப்புகளாக வகுத்துள்ளது; 2022இல் வெளியான ஆர்.எஃப்.சி. 9111 இப்போது நடைமுறையிலுள்ள ஆவணம். அது சேமிப்பை இருவகைப்படுத்துகிறது. ஒருவருக்கே உரிய தனிச்சேமிப்பு ஒன்று. பலருக்கும் பொதுவாக இடைநிலை வழங்கிகள் வைத்திருக்கும் பொதுச்சேமிப்பு மற்றொன்று. முன்னது வீட்டுப் பரணில் உள்ள பைண்டு. பின்னது ஊர்த் தேநீர்க்கடையில் ஒரே தாளைப் பலர் கைமாற்றிப் படிப்பது.

ஒப்புமை இங்கு ஓரிடத்தில் முறிகிறது. தேநீர்க்கடைத் தாளில் தேதி அச்சிடப்பட்டிருக்கும். நேற்றைய தாளை இன்றைய தாள் என எவரும் மயங்குவதில்லை. உலாவி தரும் பழைய படியோ புதிய படியின் முகவரியிலேயே, புதியதன் தோற்றத்திலேயே வருகிறது. தான் பழையது என்று அது வாசகரிடம் சொல்வதில்லை.

ஒரு படி எவ்வளவு நேரம் புதியதாகக் கருதப்பட வேண்டும் என்பதை வழங்கி ‘மேக்ஸ்-ஏஜ்’ என்னும் குறிப்பால் நொடிக்கணக்கில் அறிவிக்கிறது. 86,400 நொடி என்றால் ஒரு நாள். நாள்தோறும் வெளியாகும் படக்கதைக்கு ஒரு நாள் என்பது பொருத்தமான அளவு எனத் தோன்றும். அது தவறு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கதை ஒவ்வொரு நாளும் காலை 5.30 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது எனக் கொள்வோம். ஒரு வாசகர் திங்கள் இரவு 8 மணிக்கு முகப்பைத் திறக்கிறார். திங்கட்கிழமைப் பகுதி கிடைக்கிறது. செவ்வாய் இரவு 7.30 மணிக்குத் திறக்கிறார். ஒரு நாள் நிறைவுறாததால் உலாவி வழங்கியைக் கேட்காமலே திங்கட்கிழமைப் பகுதியை மீண்டும் காட்டுகிறது. இன்று புதுப்பிக்கவில்லை போலும் என்று அவர் மூடிவிடுகிறார். புதன் இரவு 7.30 மணிக்குத் திறக்கும்போது பழைய படி காலாவதியாகிவிட்டதால் புதன்கிழமைப் பகுதி வருகிறது. செவ்வாய்க்கிழமைப் பகுதி அவர் கண்ணில் படவே இல்லை. ஆசிரியர் ஒழுங்காக வெளியிட்டார். வாசகரும் ஒழுங்காக வந்தார். எனினும் கதையில் ஒரு நாள் காணாமற்போயிற்று.

குறிப்பு எதுவும் தராமல் விடுவதும் தீர்வன்று. அப்போது உலாவி தானே ஊகிக்கிறது. கோப்பு கடைசியாக மாறிய நாளிலிருந்து கழிந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பதை ஊகத்திற்குரிய வழக்கமான அளவாக மேற்கூறிய ஆவணம் சுட்டுகிறது. நூறு நாள் மாறாதிருந்த பக்கத்தை உலாவி பத்து நாள் புதியதெனக் கொள்ளக்கூடும். நீண்ட இடைவெளிக்குப் பின் ஓர் ஆசிரியர் தம் கதையை மீண்டும் தொடங்கும்போது, மிகவும் ஆர்வத்துடன் அடிக்கடி வந்து பார்த்த வாசகருக்கே புதிய பகுதி தாமதமாகத் தெரிவது இதனால்தான்.

‘அடுத்து’ என்னும் இணைப்பு

இணையப் படக்கதைக்கே உரிய நுட்பமான சிக்கல் வேறொன்று உண்டு. அண்மைப் பகுதியின் பக்கத்தில் ‘முந்தையது’ என்னும் இணைப்பு இருக்கும், ‘அடுத்து’ இருக்காது. மறுநாள் புதிய பகுதி வெளியாகும்போது முந்தைய நாளின் பக்கமும் மாறியாக வேண்டும். அதில் ‘அடுத்து’ சேர வேண்டும். அதாவது, ஒரு பகுதியை வெளியிடுவது இரு பக்கங்களைத் திருத்துவதாகும். வாசகரின் கருவியில் பழைய படி தங்கியிருந்தால், கதை அவ்விடத்திலேயே நின்றுவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

அச்சுத் தொடரில் ‘தொடரும்’ என்னும் ஒரு சொல் இப்பணியைச் செய்தது. அச்சொல் அன்றும் உண்மை, நூறு ஆண்டு கழித்தும் உண்மை. இணைய இணைப்பு அவ்வாறன்று. அது இன்று இல்லை, நாளை இருக்கும். கதையின் முடிவையும் இடைநிறுத்தத்தையும் வேறுபடுத்தும் குறி ஒன்று காலத்தைச் சார்ந்து மாறுகிறது என்றால், அது கதையமைப்பியல் சார்ந்த செய்தியே. எனவே ‘அடுத்து’ இணைப்பையும் தாண்டி, பக்கத்தின் மேலேயே தொடர் எண்ணும், தொடரும் எனும் குறிப்பும், அடுத்த பகுதி வரும் நாளும் இடம்பெறுவது, அச்சு மரபை இணையத்தில் காப்பதாகும்.

தொழில்நுட்ப நிலையில் இதற்குத் தீர்வு எளிது. மாறும் கோப்பையும் மாறாக் கோப்பையும் பிரித்தறிவதே அதன் அடிப்படை. முகப்பும் ஒவ்வொரு பகுதியின் பக்கமும் மாறும் இயல்பின. இவற்றுக்கு ‘நோ-கேச்’ என்னும் குறிப்புத் தரப்பட வேண்டும். இப்பெயர் தவறான பொருள் தருவது. சேமிக்காதே என்று அது சொல்லவில்லை, சேமித்ததைக் காட்டுமுன் வழங்கியிடம் கேள் என்றே சொல்கிறது. சேமிக்கவே கூடாது என்பதற்குரிய குறிப்பு ‘நோ-ஸ்டோர்’. ஒவ்வொரு படிக்கும் ‘ஈ-டேக்’ என்னும் அடையாளக்குறி தரப்பட்டிருந்தால், உலாவி அக்குறியைக் காட்டிக் கேட்கும். மாற்றமில்லை எனில் வழங்கி 304 என்னும் எண்ணை மட்டும் மறுமொழியாக விடுக்கும். பக்கம் மீண்டும் இறங்குவதில்லை.

படக்கோப்புகள் மாறா இயல்பின. அவற்றுக்கு ஓராண்டு, அதாவது 3,15,36,000 நொடி, எனச் சேமிப்புக்காலம் தரலாம். 2017இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8246 வகுத்த ‘இம்யூட்டபிள்’ என்னும் குறிப்பு, இக்கோப்பு தன் சேமிப்புக்காலத்தில் மாறாது என்பதை உலாவிக்கு அறிவிக்கிறது. அக்கூற்று மெய்யாக வேண்டுமெனில் ஆசிரியர் ஒரு நெறியை ஏற்க வேண்டும்: திருத்திய படத்தைப் பழைய பெயரில் ஏற்றக் கூடாது, புதிய பெயரில்தான் ஏற்ற வேண்டும்.

தருமபுரி போன்ற மாவட்டத்தில் இப்பிரிப்பின் பயன் கண்கூடு. ஒரு படம் 500 கிலோபைட் எனக் கொண்டால் நூறு பகுதிகள் ஏறத்தாழ 50 மெகாபைட். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் வாழும் வாசகர் அரூருக்கோ தருமபுரிக்கோ வரும்போது ஒருமுறை இறக்கிய படங்கள் கருவியிலேயே தங்கினால், மீள்வாசிப்பிற்கு மீண்டும் தரவு செலவாவதில்லை. எல்லாவற்றையும் எப்போதும் புதிதாக இறக்கச் செய்யும் தளம் நகர வாசகருக்கு ஒழுங்கானதாகவும் மலையூர் வாசகருக்கு எட்டாததாகவும் அமைகிறது. சேமிப்பைப் பகையெனக் கருதி முற்றாக விலக்குவோர் இதனைக் கருதுவதில்லை.

நேரம் பற்றிய ஒரு குறிப்பு

வழங்கிக்கும் உலாவிக்கும் இடையே பரிமாறப்படும் நாட்குறிப்புகள் யாவும் கிரீன்விச் நேரத்தில் அமைபவை. இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. தமிழ்நாட்டில் செவ்வாய் காலை 5 மணிக்கு வெளியான பகுதி வழங்கியின் பதிவில் திங்கள் இரவு 11.30 என்றே பதிவாகும். நாளின் பெயரால் பகுதிகளை வரிசைப்படுத்தும் தளங்களில் இது ஒரு நாள் பிழையாகிறது. நாளிதழ் மரபில் வெளியீட்டு நாள் என்பது வாசகர் கைக்கு வரும் நாள்; இணையத்தில் அது எந்திரம் பதிந்த நாளாகிவிடுகிறது. தமிழ் இணையப் படக்கதைகளின் காலவரிசையைத் தொகுக்கும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை அறியாவிடில் பட்டியல் முழுவதும் தவறக்கூடும்.

ஒழுங்கே கதையாதல்

வெளியீட்டு ஒழுங்கு கதைக்குப் புறம்பானது என்னும் கருத்தை உலக இணையப் படக்கதைகள் மறுக்கின்றன. ஹோவர்ட் டெய்லரின் ‘ஷ்லாக் மெர்சனரி’ 2000 ஜூன் முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் வெளிவந்தது. முன்கூட்டியே வரைந்து கையிருப்பு வைப்பதே இவ்வகை ஒழுங்கிற்கு ஆதாரம். 2004இல் தொடங்கிய கொரியாவின் நேவர் வெப்டூன், கதைகளைக் கிழமைவாரியாகவே அடுக்கியது. அங்குத் திங்கட்கிழமைக் கதை, செவ்வாய்க்கிழமைக் கதை என்பது வகைப்பாடாகவே ஆயிற்று.

எல்லைநிலைச் சான்று ராண்டல் மன்றோவின் ‘எக்ஸ்கேசிடி’ தளத்தில் வந்த ‘டைம்’. 2013 மார்ச்சில் ஒரே சட்டகமாகத் தோன்றிய இது, முதலில் அரை மணிக்கொருமுறையும் பின்னர் மணிக்கொருமுறையும் மாறி, அவ்வாண்டு ஜூலையில் 3,099 சட்டகங்களுடன் முடிந்தது; 2014இல் ஹ்யூகோ விருது பெற்றது. ஒரே பக்கத்தில் படம் மட்டும் மாறிக்கொண்டிருந்ததால், அங்கு எப்போது வந்தாய் என்பதே எதைக் கண்டாய் என்பதை முடிவு செய்தது. இன்று அச்சட்டகங்கள் அனைத்தையும் தொகுப்பாகச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். நான்கு மாதக் காத்திருப்பு அத்தொகுப்பில் இல்லை. சேமிப்பு படத்தைக் காக்கிறது; இடைவெளியைக் காப்பதில்லை. கன்னித்தீவின் பழைய பகுதிகளைத் தொகுத்துப் படிப்பவரும் இதே இழப்பை அடைகிறார்: நாளுக்குச் சில சட்டகம் எனும்போது சுவை தந்த முந்தைய நாள் நினைவூட்டல், தொடர்ந்து படிக்கும்போது கூறியது கூறலாகிறது. ஆகவே அதனைக் குற்றமெனக் கூறும் திறனாய்வு, வெளியீட்டு ஒழுங்கை மறந்த திறனாய்வாகும்.

பாடவேறுபாடும் ஆய்வாளர் கடனும்

தமிழ்ப் படக்கதைகளில் உரையாடல் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே எழுத்தாக வரையப்படுகிறது. லகர ளகர மயக்கமோ ஒற்றுப்பிழையோ நேர்ந்தால் படத்தையே மாற்ற வேண்டும். பழைய பெயரிலேயே மாற்றினால், முன்பு படித்தவர் கருவியில் பிழைப்படியும் புதியவர் கருவியில் திருந்திய படியும் ஒரே முகவரியில் நிலவும். இருவரும் ஒரே பகுதியை மேற்கோள் காட்டி மாறுபட்ட பாடங்களைத் தரக்கூடும், இருவருமே பொய்யுரைக்கவில்லை. சில நாளில் பழைய படி அழிந்துவிடும். மாற்றம் நிகழ்ந்ததற்கே சான்று இராது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த மரபு நமக்கு உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்க முடிந்தது. ஏனெனில் ஒரு படி மற்றொன்றை அழிக்கவில்லை. இணையத்தில் புதிய படி பழையதன் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. அழிவுக்கு ஏட்டில் செல்லும் காரணம். இங்குத் திருத்தமே காரணம். 2020 இறுதியில் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நின்றபோது, அதனைச் சார்ந்திருந்த இணையப் படைப்புகள் பல உலாவிகளில் இயங்காமற்போனதும் இவ்வகை நிலையாமைக்கு மற்றொரு சான்று.

எனவே சில நெறிகள் முன்மொழியத்தக்கன. படைப்பாளர் திருத்திய படத்தைப் புதிய பெயரில் ஏற்றிப் பழையதையும் அழிக்காமல் வைத்தல் வேண்டும். படத்தின் ஓரத்தில் தொடர் எண், வெளியீட்டு நாள், திருத்த நாள் ஆகியவற்றைப் பொறித்தல் வேண்டும். உரையாடலை ஒருங்குறி எழுத்தாகவும் பக்கத்தில் தருதல் வேண்டும். ஒருங்குறிப் பாடம் தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் மட்டுமன்றி, திரைவாசிப்பான் வழி கேட்டறிவோருக்கும் பயன்படும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக இருந்த தருமபுரியில் கேட்டறிதல் என்பது சிறிய செய்தியன்று. ஆய்வாளர் மேற்கோளில் முகவரியுடன் பார்த்த நாளையும் நேரத்தையும் குறிப்பதோடு, அப்பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் பதிவு செய்து அப்பதிவின் முகவரியையும் தருதல் வேண்டும். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் நூல்களுக்கும் ஆவணங்களுக்கும் செய்துவரும் பணி, இணையத்திலேயே பிறந்து இணையத்திலேயே மறையும் படக்கதைகளுக்கும் தேவை.

இவற்றுக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தம் படைப்பைத் திருத்தவும் பழையதை நீக்கவும் படைப்பாளருக்கு உரிமை உண்டு; பிழையுள்ள படியை என்றும் காட்சிக்கு வைக்கச் சொல்வது முறையா என்பது அது. உரிமை உண்டு என்பது உண்மையே. காட்சியிலிருந்து நீக்குவதும் இருந்ததற்கான சுவட்டையே நீக்குவதும் வேறு வேறு. திருத்த நாளைப் பொறித்தல் அவ்வுரிமையைப் பறிக்கவில்லை; அது நடந்ததை மட்டுமே கூறுகிறது.

முடிவுரை

தொடர் படக்கதையில் காலம் கதையின் உறுப்பு என்பதைக் கன்னித்தீவின் நெடிய வாழ்வும் அதிலிருந்து பிறந்த மரபுத்தொடரும் காட்டுகின்றன. அச்சில் தாளே காத்த அவ்வொழுங்கை இணையத்தில் சேமிப்புக் குறிப்புகளே காக்கவோ குலைக்கவோ செய்கின்றன. பக்கத்தை ஒவ்வொருமுறையும் சரிபார்க்கச் செய்து, படத்தை மாறாததாக நெடுநாள் சேமிக்கச் செய்யும் பிரிப்பு, கதைத் தொடர்ச்சிக்கும் தரவுச் சிக்கனத்திற்கும் ஒருங்கே உதவுகிறது. அதே பிரிப்பு, திருத்தத்தைப் புதிய பெயரில் வெளியிடச் செய்வதால் பாடவேறுபாட்டின் சுவட்டையும் காக்கிறது. இணையப் படக்கதையை ஆயும் தமிழ்த் திறனாய்வு, கதை, ஓவியம், மொழி ஆகியவற்றுடன் தான் படித்தது எந்நாளைய எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும். தகடூர் நாட்டு நடுகல் தன் ஆட்சியாண்டைத் தன் மேலேயே தாங்கி நிற்பதால்தான், அதை எழுப்பியோரை அறியாத நாமும் இன்று அதன் காலத்தைச் சொல்ல முடிகிறது.